ஐலைனர் அக்கா

கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை பியூட்டிஷியன் கையில் இருப்பதாக நினைப்பவர்கள் ஐலைனர் அக்காவைப் பார்த்ததில்லை. பெண்ணுக்கு ஒன்றுவிட்ட அக்காவாக இருப்பார். சில வீடுகளில் அண்ணி. கையில் ஒரு ஜிப் பை. உள்ளே கறுப்பைத் தவிர எல்லா நிறத்திலும் பென்சில்கள்.

"இப்படி ஜன்னல் பக்கம் வா" என்பார். போனால் செல்போன் டார்ச்சைக் கண்ணில் அடிப்பார்.

"என்னக்கா பாக்கறீங்க?"

"உன் கண்ணு என்ன கலர்னு."

"கறுப்புதானேக்கா?"

இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார். கறுப்புக் கண் என்று உலகத்தில் யாருக்குமே கிடையாதாம். மெலனின் நிறைய இருப்பதால் அப்படித் தெரிகிறதாம், எல்லாம் அடர் பிரௌன்தானாம். உண்மைதான். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது தெரிந்துகொண்டே ஆக வேண்டிய உண்மையா என்பதுதான் சந்தேகம்.

அடுத்து அட்டவணை. கண்ணின் நிறத்துக்கு எதிர் நிறத்தில் கோடு போட்டால் கண் தூக்கலாகத் தெரியும் என்பது அதன் சாரம். இது அழகுக்கலைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பாரிஸ் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று கண்டுபிடித்து, 1839-இல் பெரிய புத்தகமே போட்டார். அக்காவுக்கு செவ்ரலைத் தெரியாது. ஆனால் நீலக் கண்ணுக்குச் செம்பு நிறம், பச்சைக் கண்ணுக்கு நாவல்பழ நிறம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்.

ஒரே சங்கடம், அட்டவணையின் கடைசி வரி: 'பிரௌன் கண்ணுக்கு எந்த நிறமும் பொருந்தும்.' மண்டபத்தில் சாப்பிட வந்த அத்தனை பேரும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். அப்புறம் நிபுணருக்கு என்ன வேலை? அதனால் அக்காவே காபி பிரௌன், தேன் பிரௌன், புளி பிரௌன் என்று உட்பிரிவுகள் வகுத்துவிட்டார். நான் புளி.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "விளக்கெண்ணெய் விளக்குல கரி புடிச்சு நெய்யில குழைச்சா மை. அதுக்கு எதுக்குடி இத்தனை கலரு?"

அக்கா அசரவில்லை. கருநீலப் பென்சிலை நீட்டி, "பெரியம்மா, இது எம்.எஸ். ப்ளூ" என்றார். பெரியம்மா சத்தமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். நியாயமாகச் சொன்னால், அது எடுத்துத்தான் காட்டியது. பிரௌன் என்பது இருண்ட ஆரஞ்சு. ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம்.

பையில் சீவாத பென்சில் ஒன்றே ஒன்று, செம்பு நிறம். பூனைக்கண் வாய்த்த ஒரு மருமகள் இந்த வம்சத்துக்கு வருவாள் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கல்யாணத்தில் பூனைக்கண் வந்தேவிட்டது, மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்கு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், பெரிய மீசை. பந்தியில் அக்கா அவருக்கு நேர் எதிரே இலை போட்டு உட்கார்ந்து, ரசம் வரும்வரை அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சங்கடப்பட்டு இரண்டு முறை மீசையைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை அறிவும் ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவைக் கைவிட்டது. மணப்பெண், தோழிகள், பெரியம்மா எல்லாருக்கும் அதே எம்.எஸ். ப்ளூ பென்சில்தான். மறுவாரம் பாதி குடும்பத்துக்கு மெட்ராஸ் ஐ. அக்காவிடமிருந்து போன் வந்தது: "சிவப்புக்கு எதிர் பச்சை. கண்ணு சரியாகறவரைக்கும் பச்சை போட்டுப் பாரேன்."

அக்காவிடம் நிறம் கேளுங்கள், தப்பில்லை. பென்சிலை மட்டும் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.