கட்டைவிரல் எல்லை: கைபேசித் திரையின் நிலவியல் குறித்து ஒரு விசாரணை

மனித உறுப்புகளில் கண்ணுக்கும் இதயத்துக்கும் கிடைத்த மரியாதை கட்டைவிரலுக்குக் கிடைத்ததில்லை. பாரதக் கதையில் ஓரிடத்தில் அது தலைகாட்டுகிறது. அங்கும் குருதட்சணையாக வெட்டப்படுவதற்கே வருகிறது. துரோணர் சுட்டுவிரலைக் கேட்காமல் கட்டைவிரலைக் கேட்டதை வைத்துப் பார்த்தால், எந்த விரல் போனால் எந்தத் தொழில் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று கொள்ளலாம். இன்றைக்கு மின்கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, சித்தப்பா அனுப்பும் காலை வணக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவது எல்லாம் அந்த ஒரே விரலின் தலையில் விழுந்திருக்கின்றன. ஆயினும் அந்த விரலால் திரையின் எந்தப் பகுதியைத் தொட முடியும், தொட முடியாத பகுதியில் எதை வைக்கிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதெல்லாம் உரிய கவனம் பெறவில்லை. அக்குறையை நீக்குவதே இந்த ஆய்வின் நோக்கம். ஆய்வாளர் தொழிலால் வலைத்தளங்கள் கட்டுபவர். எனவே குற்றவாளிக் கூண்டில் அவரும் நிற்கிறார் என்பதை வாசகர் கருத்தில் கொள்க.

முதலில் உடற்கூறு. மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று எலும்புகள், கட்டைவிரலுக்கு இரண்டே. இந்த வறுமையை ஈடுகட்டுவது அதன் அடியில் உள்ள சேண வடிவ மூட்டு. அதனால்தான் கட்டைவிரல் மடங்கும், விரியும், மற்ற விரல்களின் நுனியை எதிர்நின்று தொடும். ஆனால் இந்த ஏற்பாடு மற்ற விரல்களோடு சேர்ந்து பொருளைப் பற்றுவதற்கானது. கைபேசியிலோ நான்கு விரல்களும் பின்பக்கம் தாங்கு பலகையாகிவிடுகின்றன. முன்பக்கத்தில் கட்டைவிரல் தனியே உழவு ஓட்டுகிறது. ஃபிரிட்ஸ் டி கெர்வேன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் கட்டைவிரல் அடித் தசைநாண்களின் உறை வீங்கி வலிக்கும் நோயை 1895-இல் விவரித்தார். கைபேசி பிறக்கும் முன்பே அதற்கான நோய் தயாராக இருந்திருக்கிறது.

கள ஆய்வு இல்லாத ஆய்வு சபையேறாது. நல்லவேளையாக அதை ஸ்டீவன் ஹூபர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். தெருக்களிலும் விமான நிலையங்களிலும் பஸ்களிலும் ரயில்களிலும் மக்கள் கைபேசியை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று கவனித்து, 1,333 பதிவுகளை 2013-இல் வெளியிட்டார். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பதை நம் ஊரில் வேறு பெயரில் அழைப்பார்கள். கணக்கெழுதி வெளியிட்டால் அது ஆய்வு. பேசிக்கொண்டிருந்தவர்களையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் கழித்தால், திரையைத் தொட்டவர்கள் 780 பேர். அவர்களில் 49 சதவீதம் ஒரே கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தொட்டார்கள். 36 சதவீதம் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தொட்டார்கள். 15 சதவீதம் மட்டும் இரு கைகளாலும் பிடித்து இரு கட்டைவிரல்களாலும் தட்டினார்கள்.

ஒற்றைக் கையர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இடது கட்டைவிரலைப் பயன்படுத்தியதுதான் இதில் ஆய்வாளருக்கு மிகவும் பிடித்த இடம். உலகில் இடக்கையர் அவ்வளவு பேர் இல்லை. அப்படியானால் பலருக்கு வலது கைக்கு வேறு வேலை இருந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்: பஸ் கம்பி, குடை, டீ கிளாஸ், குழந்தை. வடிவமைப்புக் கூட்டங்களில் ‘பயனர்’ என்று வர்ணிக்கப்படும் ஆள் ஒருபோதும் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதில்லை.

இனி மூலை ஆராய்ச்சி. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் சிலரின் கையில் உலோகக் குச்சியைக் கொடுத்து, இரண்டு தகடுகளை மாறி மாறித் தட்டச் சொன்னார். தூரம் கூடினால் நேரம் கூடும், இலக்கு சிறுத்தாலும் நேரம் கூடும் என்று கண்டார். இதைச் சொல்ல ஃபிட்ஸ் எதற்கு, எங்கள் பாட்டி போதாதா என்பார்க்கு விடை: பாட்டி மடக்கை பயன்படுத்தவில்லை, ஃபிட்ஸ் பயன்படுத்தினார். பின்னாளில் மவுஸ் வந்தபோது இந்த விதி அதற்கும் பொருந்தியது. அதிலிருந்து ஓர் அழகான முடிவும் கிடைத்தது: மவுஸ்காரருக்குத் திரையின் மூலைதான் மிக எளிய இலக்கு. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு மூலையைத் தாண்டிப் போகாது, முட்டி நின்றுவிடும்.

கட்டைவிரல் முட்டி நிற்பதில்லை. மூலையில் குறி தவறினால் அது காற்றில் போகும். கூடவே கைபேசி தரைக்குப் போகும். மேசைக் கணினியில் மிக எளிதான இடம் எதுவோ, வலது கையில் பிடித்த போனில் அதுவே மிகக் கடினமான இடம்: மேல் இடது மூலை. அங்கேதான் தலைமுறை தலைமுறையாக ‘பின்செல்’ அம்பையும் மூன்று கோட்டு மெனுவையும் வைத்துவருகிறோம். அந்த மூன்று கோடுகள் 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தவை. ஸ்டார் மவுஸ் வைத்து ஓட்டிய கணினி. விண்டோ சூடாகாமல் இருக்க வைத்த காற்றுத் துவாரம் என்று அக்காலத்தில் பயனர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்று காக்ஸே பின்னர் நினைவுகூர்ந்தார். இன்றைக்குச் சில ஆப்களில் அந்த மெனுவைத் திறந்து பார்த்தால் அந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

இந்தப் பிழை தொடர்வதற்கு வலைநிரலாளரின் பட்டறையே காரணம் என்பது ஆய்வாளரின் துணிபு. பெரிய மானிட்டர், மவுஸ், பத்து விரல். குரோம் பிரவுசரில் கைபேசிப் பார்வையைத் திறந்தால் திரை ஒடுங்கும், அம்பு ஒரு சாம்பல் வட்டமாக மாறும். அந்த வட்டம் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் ஒரே சுலபத்தில் போய் வருகிறது. கருவி போனின் அகலத்தைக் காட்டுகிறது, உயரத்தைக் காட்டுகிறது, மந்தமான இணையத்தைக்கூட நடித்துக் காட்டுகிறது. கை மட்டும் அதில் இல்லை. சோதித்தவர் திருப்தியுடன் வீட்டுக்குப் போகிறார்.

இதற்கிடையில் திரை வளர்ந்தது; விரல் வளரவில்லை. முதல் ஐபோன் (2007) 3.5 அங்குலம். பெரிய போன்களைக் கையில் பிடிக்கவே முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள் என்ற பொருளில் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் பேசினார். அடுத்த ஆண்டே சாம்சங் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட்டை இறக்கியது; வாங்கினார்கள். 2012-இல் 4 அங்குல ஐபோன் 5 வந்தபோது ஆப்பிள் கட்டைவிரலையே நாயகனாக்கி, இந்த அளவுதான் பொது அறிவு என்று விளம்பரம் எடுத்தது. பொது அறிவின் ஆயுள் இரண்டு ஆண்டு. 2014-இல் 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸ் வந்தது. எட்டாத விரலுக்கு ஆறுதலாக, ஹோம் பட்டனை இருமுறை மெல்லத் தொட்டால் திரையே பாதி கீழே இறங்கி வரும் வசதியும் கூடவே வந்தது.

பட்டன்களையே கீழே வைத்தால் என்ன? கேட்டவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் போன் 7.5-இல் முகவரிப் பட்டையைக் கீழே வைத்தது. பட்டை சரியான இடத்தில் இருந்தது, போன்தான் விற்கவில்லை. கூகுள் சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்து 2018-இல் கைவிட்டது. ஆப்பிள் 2021-இல் சஃபாரி பட்டையைக் கீழே இறக்கியது. சோதனைப் பதிப்பிலேயே எதிர்ப்புக் கிளம்ப, வடிவத்தை மாற்றியதோடு, விரும்பினால் பழையபடி மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற விருப்பத்தையும் தர வேண்டியிருந்தது. எட்டாத இடமானாலும் பழகிய இடம் என்றால் மனிதர் விட்டுக்கொடுப்பதில்லை. கீழ்ப்பகுதிக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ‘திரையின் முழு உயரம்’ என்று நிரலில் எழுதினால், சஃபாரி தன் பட்டைகள் மறைக்கும் இடத்தையும் சேர்த்தே கணக்கிடும். அடியில் அழகாக வைத்த பட்டன் பிரவுசர் பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதைத் தீர்க்கச் சிறு உயரம், பெரு உயரம், மாறும் உயரம் என்று மூன்று புதிய அலகுகளையே உருவாக்க வேண்டியதாயிற்று.

அளவு விஷயத்தில் மட்டும் அறிஞரிடையே ஏறக்குறைய ஒற்றுமை. கட்டைவிரலால் தட்டும் பட்டன் 9.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2006-இல் சொன்னது. ஆண்ட்ராய்டு விதிகளும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் என்கின்றன. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி இந்த இலக்கியங்களைப் படித்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் ஆய்வு தன் முதல் கருதுகோளைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. பட்டறையில் கை தெரியவில்லை, அறியாமையால் நேர்ந்தது என்றோம். அறியாமை என்றால் அது எல்லாப் பட்டன்களிடமும் சமமாகத் தெரிய வேண்டும். கடை ஆப்களில் ‘வாங்கு’ மேல் மூலையில் இருந்து யாராவது பார்த்ததுண்டா? அது கீழே, திரையின் அகலம் முழுக்க, கட்டைவிரல் தானாக வந்து அமரும் இடத்தில் விரிந்து கிடக்கும். ‘கணக்கை நீக்கு’, ‘சந்தாவை ரத்து செய்’ ஆகியவை மேல் மூலை மெனுவுக்குள் அமைப்புகள், அமைப்புகளுக்குள் கணக்கு, கணக்குக்குள் ‘மேலும்’ என்று நெடும்பயணத்துக்கு அப்பால் இருக்கும். நீக்குவது கைதவறி நேரக் கூடாது, அதனால் தூரம் நல்லதே என்று வாதிடலாம். ஆய்வாளரும் ஓரளவு ஒப்புகிறார். ஆனால் கைதவறி வாங்குவதைத் தடுக்க இதே அக்கறையோடு யாரும் தூரம் வைத்ததில்லை.

இத்துறைக்குக் காப்பிய மரபும் உண்டு. அமேசான் பிரைம் சந்தாவிலிருந்து வெளியேறும் வழியைச் சிக்கலாக்கியதாக அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. அந்த ரத்து வழிக்கு நிறுவனத்துக்குள் ‘இலியட்’ என்று பெயர் வைத்திருந்ததாக வழக்கு மனு கூறியது. நெடும்போர் ஒன்றை ஹோமர் பாடிய காப்பியத்தின் பெயர் அது. வழக்கு 2025-இல் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சந்தாவில் சேரும் வழிக்கு அவ்வளவு நீளமான காப்பியம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அதற்கு ஒரு தட்டு போதும்.