பட்டியல் போடும் பருவம்

டிசம்பர் பிறந்தால் போதும், அமெரிக்க இசைப் பிரியருக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். 'ஆண்டின் தலைசிறந்த பத்து ஆல்பங்கள்' போட்டாக வேண்டும். சில பத்திரிகைகள் அதை நவம்பரிலேயே முடித்துவிடும். டிசம்பரில் வெளியாகும் ஆல்பத்துக்கு நாதியில்லை.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராக் பக்கம், 'தி கியூர்' குழு 16 ஆண்டுகள் கழித்துப் புது ஆல்பம் கொண்டுவந்தது. எட்டே பாட்டு, மரணம், இழப்பு, முதுமை. முதல் பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேலாகிறது. ரசிகர்களுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை!

கன்ட்ரி பக்கம் வேறு கூத்து. ஹூஸ்டனில் பிறந்த பியான்சே 27 தடங்களோடு 'கவ்பாய் கார்ட்டர்' வெளியிட்டார். இது கன்ட்ரி ஆல்பமே இல்லை என்று அவரே முன்கூட்டிச் சொல்லியும் பஞ்சாயத்து ஓயவில்லை. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுப் பரிந்துரையில் அவர் பெயரே காணோம். ராப் பாடிவிட்டு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த போஸ்ட் மலோனுக்கு மட்டும் நான்கு பரிந்துரைகள். 2025 பிப்ரவரியில் கிராமி விழாக்காரர்கள் சிறந்த கன்ட்ரி ஆல்பம் என்று பியான்சேவுக்கே விருதைக் கொடுத்தார்கள். அறிவித்தவுடன் அவர் வாய் பிளந்து நின்றதை உலகமே பார்த்தது.

விருது கொடுக்கும் பெரியவர்களே இப்படி என்றால், ரசிகரின் பட்டியலைக் குறை சொல்ல நாம் யார்? ஒன்று மட்டும் நிச்சயம்: முதல் ஒன்பது அவர் கேட்டவை, பத்தாவது, நாம் கேட்டிருக்க மாட்டோம் என்று நம்பிச் சேர்த்தது.