அரை மீட்டர் பாக்கி

1908இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அன்றே காட்பாடி, மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரிக்கும். மாதிரிப் படங்களைப் பார்த்தால் கண் குளிர்கிறது. அதில் நிற்கும் மரங்கள் இலை உதிர்ப்பதில்லை, காக்காய் எச்சமிடுவதில்லை. பயணிகள் எல்லோரும் ஒல்லி. தோளில் சின்னதாய் ஒரு பை. கட்டைப்பை, அரிசி மூட்டை, துண்டை விரித்துத் தூங்கும் பெரியவர் என்று யாரையும் எதையும் வரைந்தவர் உள்ளே விடவில்லை. அனைவருக்குமான நிலையம் அல்லவா!

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு, லிஃப்ட் உண்டு. பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு பிளாட்பாரம் வந்துவிடலாம். அதற்கப்புறம்தான் இருக்கிறது வேடிக்கை. உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பெட்டியின் தரையோ ஒன்றேகால் மீட்டருக்கு மேல். நடுவில் கிட்டத்தட்ட அரை மீட்டரும் செங்குத்தான படியும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி இடம் ஒதுக்கிய பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பெரும்பாலும் வண்டியின் ஏதாவதொரு கோடியில். வாசல் அகலம்தான், படி மட்டும் அதே படி.

கோடிகளில் கட்டிய நிலையத்துக்கும் ரயிலுக்கும் இடையிலான அந்தக் கடைசி அரை மீட்டரை இன்னமும் இரண்டு போர்ட்டர்களும் ஒரு மருமகனும்தான் நிர்வகிக்கிறார்கள். காட்பாடியில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். மருமகன் லீவு போட்டாக வேண்டும்.