ஆதாம் பேரில் எழுதிய பற்று

ஆதாம் பழவேற்காட்டுக்கு வந்ததே இல்லை. ஊர்ப் பெயரிலேயே பழம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது 'பழைய' என்பதன் பழ. பழைய வேலங்காடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அவர் மட்டும் இங்கே குடியிருந்திருந்தால் மனித குலத்தின் கதையே மாறியிருக்கும். நண்டும் இறாலும் துள்ளுகிற ஏரிக்கரையில், ஒரு பழத்துக்காக யாராவது குடியிருப்பைப் பணயம் வைப்பார்களா?

ஆள் வரவில்லையே தவிர, அவர் செய்த பாவம் வந்து சேர்ந்தது. கப்பலில் வந்தது.

முதலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். அவர்கள் சரக்கு கொஞ்சம் எளிது. பிறக்கும்போதே ஜென்ம பாவம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு செம்புத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தால் போய்விடும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் அவரவர் சொந்தச் சம்பாத்தியம். அந்தத் தண்ணீர் இன்றும் மகிமை மாதா கோயிலில் கிடைக்கிறது.

பின்னால் வந்த ஒல்லாந்தர் லேசில் விடுகிற ஆட்கள் இல்லை. 1613-ல் கெல்டிரியா என்று கோட்டை கட்டினார்கள். துணி வாங்கினார்கள், வெடிமருந்து அரைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மனிதன் தலை முதல் கால் வரை அழுகிப் பிறந்தவன் என்று பிரசங்கம் கேட்டார்கள். திங்கட்கிழமை அதை மெய்ப்பிக்கும் பணி தொடங்கும்.

பிறவிப் பாவம் என்ற இந்த வழக்கு மிகப் பழையது. ஆகஸ்டீன் என்ற வட ஆப்பிரிக்கப் பையன் பதினாறு வயதில் சிநேகிதர்களோடு போய் அடுத்தவர் மரத்துப் பேரிக்காயைத் திருடினான். பசிக்காக இல்லை, பெரும்பாலும் பன்றிக்குத்தான் போட்டார்கள். நம் ஊராக இருந்தால் பூவரசங்குச்சியால் நாலு போட்டு அன்றைக்கே கதையை முடித்திருப்பார்கள். யாரும் போடாததால் அவர் பெரியவராகி, பிஷப்பாகி, அந்தப் பேரிக்காயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, மனிதனுக்குப் பிறவியிலேயே கோளாறு என்று முடிவுகட்டினார். பிரிட்டனிலிருந்து வந்த பெலேஜியஸ், "அப்பன் திருடினால் மகன் ஏன் திருடன் ஆவான்? அவனவன் செய்தால்தான் பாவம்" என்றார். நியாயமாகத்தான் படுகிறது. அதனால் 418-ல் கார்த்தேஜில் சபை கூட்டி அவர் கொள்கையைத் தள்ளிவைத்தார்கள்.

ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து இதே சண்டை ஹாலந்தில் மூண்டது. 1618 நவம்பர் முதல் 1619 மே வரை, டோர்ட் நகரத்தில் திருச்சபையின் சபை கூடி 150-க்கும் மேற்பட்ட அமர்வுகள். கடவுள் அருளை ஏற்கவோ மறுக்கவோ மனிதனுக்குக் கொஞ்சமாவது சுயவிருப்பம் உண்டு என்ற ஆர்மீனியஸ் கட்சியை, நடுவிலேயே எழுந்து வெளியே போகச் சொன்னார்கள். யார் கரையேறுவார் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே திருவுளம் பற்றிய விஷயம் என்று தீர்ப்பானது.

அந்த 1619 மே மாதம் ஒன்றுக்கே ஒரு காலட்சேபம் நடத்தலாம். 9-ஆம் தேதி சபை முடிந்தது. 13-ஆம் தேதி, தோற்ற கட்சிக்கு ஆதரவாக நின்ற கிழவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டினார்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியை 1602-ல் கூட்டிச் சேர்த்துப் பெற்றெடுத்தவரே அவர்தான். 30-ஆம் தேதி, அந்தப் பிள்ளை ஜாவாவில் ஜயகர்த்தாவை எரித்துத் தரைமட்டமாக்கி, படேவியா கட்ட இடம் பிடித்தது. இந்த மூன்றில் எது ஆதாம் செய்தது, எது அவரவர் விரும்பிச் செய்தது என்று டோர்ட் தீர்மானங்களில் தேடிப் பிரயோஜனம் இல்லை.

நமக்கு வேண்டியது டோர்ட் சபையில் வந்த இன்னொரு கேள்வி. கீழை நாடுகளில் ஒல்லாந்தர் வீட்டில் வளரும் அஞ்ஞானிகளின் பிள்ளைகளுக்கு, அதாவது அடிமைப் பிள்ளைகளுக்கு, ஞானஸ்நானம் கொடுக்கலாமா? பெரும்பான்மை சொன்னது: கூடாது, வளரட்டும், வேதபாடம் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம். விசுவாசிகளின் கைக்குழந்தை இறந்தால் பெற்றோர் அதன் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்றும் அதே சபைதான் எழுதிவைத்தது. ஆக, பாவம் எல்லோருக்கும் பொது. தள்ளுபடி மட்டும் குடும்ப அட்டை பார்த்து. ஞானஸ்நானம் பெற்ற அடிமையைத் திரும்ப விற்கக் கூடாது என்ற கருத்தும் அங்கே எழுந்தது. கணக்குப்பிள்ளைக்கு அது என்ன வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் சரக்கு விலைபோகாது!

படேவியாவுக்கு வேலை செய்யக் கை வேண்டும். பழவேற்காட்டிலோ பஞ்சம் வரும். வந்தால் பெற்றவர்கள் ஒரு வேளைச் சோற்றுக்குப் பிள்ளைகளை விற்பார்கள். கம்பெனி வாங்கி ஏற்றும். அந்த நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். கூடவே நம் துணியும் போனது. மலாய்க்காரர்கள் அந்தக் கைலியை இன்றும் ஊர்ப் பெயராலேயே 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். துணிக்கு ஊர்ப் பெயர் நிலைத்தது. ஆட்களுக்கு அவர்கள் பெயரே நிலைக்கவில்லை.

இந்தக் கோட்டைக்கு 1632-ல் ஆபிரகாம் ரோஜரியஸ் என்ற பாதிரியார் வந்து பத்து ஆண்டு இருந்தார். நல்ல மனுஷர், காது கொடுத்துக் கேட்கிறவர். பத்மநாபன் என்ற பிராமணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் சங்கதிகளையெல்லாம் விசாரித்து எழுதினார். இருவரும் பேசிய மொழி போர்த்துக்கீசியம். யாரைத் துரத்திவிட்டுக் கோட்டை கட்டினார்களோ அவர்கள் பாஷை இல்லாமல் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டவர் யாருமில்லை. எனவே நானே கேட்டுக்கொள்கிறேன்:

"யாரோ தின்றதற்கு நான் எப்படி ஐயா பொறுப்பு?"

"யாரோ இல்லை. உம்முடைய முப்பாட்டன்."

"எங்களுக்கு முப்பாட்டன் தேவைப்படாது. போன ஜென்மத்தில் நானே தின்றிருப்பேன்."

"தின்றது ஞாபகம் இருக்கிறதா?"

"உங்களுக்கு ஆதாம் முகம் ஞாபகம் இருக்கிறதா?"

இதற்கு மேல் இருவரும் சிரித்துவிட்டு மோர் குடித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். சன்னலுக்கு வெளியே கப்பலுக்குப் போகிற வரிசை நகர்ந்திருக்கலாம். அந்த வரிசை ஏன் என்று கேட்டால் ஒருவரிடம் ஏதேன் தோட்டத்து விலாசம் இருந்தது, மற்றவரிடம் போன ஜென்மத்து விலாசம். கோட்டைக் கணக்கறையின் விலாசம் இரண்டு சித்தாந்தத்திலும் இல்லை.

பத்மநாபன் சொல்லச் சொல்ல ரோஜரியஸ் பர்த்ருஹரியையும் டச்சு மொழிக்குக் கொண்டுபோனார். நீதி சதகம் உண்டு, வைராக்கிய சதகம் உண்டு. சிருங்கார சதகம் மட்டும் இல்லை. மூல பாவத்தை விசாரிக்க உட்கார்ந்த இடத்தில் மூலத்தையே விட்டுவிட்டார்கள்! அவர் 1649-ல் இறந்தார். புத்தகம் 1651-ல் லெய்டனில் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மறைந்திருக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த கதவு'. அந்தக் கதவு வழியாக ஐரோப்பா நம்மை எட்டிப் பார்த்தது. நம் ஆட்கள் வெளியே போன கதவு வேறு.

இப்போது கோட்டை முட்புதர் மண்டிக் கிடக்கிறது. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. ஏரியில் மட்டும் பரம்பரைச் சொத்து ஒன்று உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் பாடு. எந்தக் குப்பத்து எந்தத் தலைக்கட்டு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்ற முறை. பிறப்பால் வருவது, பெண்ணுக்குக் கிடையாது, அயல் குப்பத்தானுக்கும் கிடையாது. கிடைக்காதவர்கள் சண்டைக்கு வருவதும் உண்டு. கிடைத்த மீனுக்கும் பாடு என்றுதான் பெயர், படுகிற கஷ்டத்துக்கும் அதே பெயர். மாதா கோயிலில் சிலுவையில் தொங்குகிறவர் பட்டதற்கும் அதே சொல்தான்.

யாருக்கு எந்த இடம் என்பதைத் திருவுளச் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். டோர்ட்டில் கூடியவர்கள் பார்த்திருந்தால் பூரித்திருப்பார்கள். ஒரே வித்தியாசம், இங்கே முறை சுற்றி வரும். இன்று சேற்றில் விழுந்தவனுக்கு நாளை மீன் மடை. ஆதி நாளில் ஒரே ஒரு தடவை சீட்டெடுத்து, அதோடு பெட்டியைப் பூட்டிவிட்ட கதையைப் படகுக்காரரிடம் சொன்னேன். யார் பெயர் வரும் என்பது எடுத்தவருக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கழியை ஊன்றியபடி, "முன்னாடியே தெரிஞ்சா அதுக்குப் பேரு சீட்டு இல்ல சார், களவாணித்தனம்" என்றார்.