கவுன் போட்ட எலக்ட்ரீசியன்

இஞ்ச பாரு மகன், ஒண்டு கேக்கன். வயரிங் படிக்கிறத்துக்கு எதுக்குடா கறுப்புக் கவுனும் குஞ்சம் வெச்ச தொப்பியும்? கல்முனையில இருந்து அக்கரைப்பத்து மட்டும் பஸ்ஸுல போய்ப் பாரு. எந்த மதிலைப் பாத்தாலும் ஒரு பேனர். "இன்டர்நேஷனல்" எண்டு பெரிய எழுத்து. கீழ ஒரு பொடியன் கவுனைப் போட்டுக்கிட்டு சிரிக்கான். உள்ள போனா ஒரு ஏ.சி. றூம், நாலு கதிரை, சுருள் கம்பி குத்தின போட்டோக்கொப்பிக் கட்டு ஒண்டு. கோர்ஸுக்குச் சல்லி. கட்டுக்கு வேற சல்லி. கவுன் வாடகைக்கும் சல்லி. எல்லாம் வாப்பா கத்தார் வெயில்ல நிண்டு அனுப்பின சல்லி.

அந்தக் கட்டை எப்பயாவது புரட்டிப் பாத்தியா? முதல் பக்கத்தைக் காணமே, ஏன்? எழுதினவன்ட பேர் அதுலதானே இரிக்கும். இப்படி விக்கிற கட்டுல கனக்க, நெட்டில சும்மா கிடந்த புத்தகம் மகன். சும்மா கிடந்ததை வித்தவனுக்குப் பேர் டைரக்டர். சல்லி குடுத்து வாங்கினவனுக்குப் பேர் ஸ்டூடன்ட்.

நீ சும்மா கிடைச்ச புத்தகத்துல படிச்சு வளந்த புள்ளதானே? 1945ல கல்வி மந்திரி கன்னங்கரா படிப்பை இலவசமாக்கினாரு. 1980ல இருந்து பள்ளிக்கூடப் புத்தகமும் இலவசம். பதினோராம் வகுப்பு மட்டும் கவலையில்ல. ஓ.எல். முடிஞ்ச அடுத்த நாள் கை வெறுங்கை. டெக் எண்டுற டெக்னிக்கல் காலேஜுக்குப் போனா சேர் எழுதிப் போடுறதும், மூத்த பெட்ச் பொடியன் குடுத்த டியூட்டும்தான் சொத்து. ஏ.சி. திருத்துறவனுக்கு, மோட்டர் சுத்துறவனுக்குத் தமிழ்ல ஆர் புத்தகம் போடுவான்? நூறு கொப்பியும் விக்காது எண்டு கடைக்காரனுக்குத் தெரியும்.

ஒண்டும் இல்லியா எண்டு கேட்டா, இரிக்கு. அமெரிக்காவுல பெல்லிங்ஹாம் எண்டு ஒரு ஊர். அங்கயும் ஒரு டெக்னிக்கல் காலேஜ். அதுல படிப்பிச்ச டோனி குஃபால்ட் எண்ட வாத்தியார், மின்சுற்றுப் பாடத்தைப் பல பாகமா எழுதி ஊருக்கே விட்டாரு. தொழிற்சாலை அளவைக் கருவிகளைப் பத்தி இன்னொண்டு, மூவாயிரம் பக்கத்துக்கு மேல. அதுக்கு அவர் போட்ட முக்கிய நிபந்தனை என்ன தெரியுமா? "என்ட பேரைப் போடு." அவ்வளவுதான். கொப்பி எடு, திருத்து, தமிழாக்கு, விக்கணுமெண்டா வில்லு. கவுன் போட்டுக் காட்டாத மனுசன் செஞ்ச வேலை இது.

இந்த அனுமதிக்குப் பேர் கிரியேட்டிவ் கொமன்ஸ். 2002ல கொண்டு வந்தாங்களாம். நமக்கு என்ன புதுசு? பள்ளிவாசலுக்குக் கிணறு வக்பு செஞ்ச ஹாஜியார் என்ன சொன்னாரு? ஊரே அள்ளிக் குடிக்கட்டும், ஒருத்தனும் வாங்கவும் விக்கவும் ஏலாது எண்டாரு. அவர் மௌத்தாகியும் நன்மை போய்ச் சேருது. புத்தகத்துலயும் இப்படித்தான், ஆளுக்கு ஒரு நிபந்தனை. விக்காத எண்டுவான் ஒருத்தன். நீ மாத்தி எழுதினதையும் இதே மாதிரி ஊருக்கு விடு எண்டுவான் இன்னொருத்தன். எழுத்துல கையே வைக்காத எண்டு சொல்றவனும் இரிக்கான். அவன்ட புத்தகம் இலவசம்தான், ஆனா நமக்கு அரைவாசிதான் பிரயோசனம்.

ஏன் எண்டு சொல்றன். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கப்படாது எண்டுவாங்க. புத்தகம் எண்டா பல்லையும் பாரு, நாக்கையும் பாரு. அமெரிக்கப் புத்தகத்துல வீட்டு வயரிங் பாடத்தைத் திற. கறுப்பு வயர் கரண்ட் வாறது, வெள்ளை நியூட்ரல். 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இப்ப உன்ட மூத்தப்பாட பழைய வீட்டு சுவிச்சைக் கழட்டு. சிவப்புத்தான் கரண்ட், கறுப்பு நியூட்ரல். புது வீடெண்டா மண்ணிறம் கரண்ட், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கனை மனப்பாடம் செஞ்ச கெட்டிக்காரன் பழைய வீட்டுக்குள்ள பூந்தா என்ன செய்வான்? கறுப்பைப் புடிச்சு சுவிச்சுக்குள்ள குடுப்பான். தட்டினா பல்ப் எரியும், தட்டினா அணையும். "முடிஞ்சிது சாச்சி" எண்டு கூலியையும் வாங்கிட்டுப் போயிடுவான். ஆனா சுவிச்சு வெட்டுறது நியூட்ரலை. பல்ப் அணைஞ்சாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். பல்ப் மாத்தக் கதிரையில ஏறின சாச்சிக்குத்தான் அந்தப் பாடம் விளங்கும்.

அந்த ஒரு பக்கத்தை மாத்தி அச்சடிக்க உரிமை ஓணுமா இல்லியா? எல்லா உரிமையும் எனக்கே எண்டு எழுதின புத்தகத்துல ஏலாது. 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதினவன் மௌத்தாகி 70 வருசம் பொறுக்கணும். அது மட்டும் சாச்சி கதிரையிலயே நிக்கிறதா? திறந்த அனுமதி இரிந்தா வாத்தியார் இண்டைக்கே நம்மட நிறத்தைப் போடலாம். கடல் உப்புக் காத்துல ஏ.சி.ட வெளி யூனிட் எப்படித் துருப்புடிக்கும் எண்டு ஒரு பாடத்தையும் சேக்கலாம். அது எந்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. நிந்தவூர்க் காக்காமாருக்குத் தெரியும்.

தொழில் படிப்பு இங்கிலீசுலதான் நிக்கும் எண்டு மூக்கைச் சுழிக்காத. 1847ல யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க டாக்குத்தர், மானிப்பாயில இருந்து வைத்தியப் படிப்பையே தமிழ்ல நடத்தினாரு. உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் எல்லாத்துக்கும் தமிழ்ப் புத்தகம் போட்டாரு. ஆளை அறுத்துத் தைக்கிறதையே தமிழ்ல சொல்ல ஏலுமெண்டா, பிரிஜ்ஜுக்கு கேஸ் அடிக்கிறதைச் சொல்ல ஏலாதா? தமிழ்நாட்டுல 2012ல கணியம் எண்டு ஒரு இணைய இதழைத் துவங்கினாங்க. அங்க து. நித்யா மைஎஸ்கியூஎல்லை எளிய தமிழ்ல எழுதினாங்க. இரா. அசோகன் ரோபோட்டிக்ஸ் எழுதினாரு. கிரியேட்டிவ் கொமன்ஸ்ல சும்மா கிடக்கு. இறக்கிட்டியா? இறக்கிட்டாய். வட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிட்டாய். படிச்சியா? பிடிஎஃப் போனுக்குள்ள கிடந்தா தலைக்குள்ள ஏறுமோ?

புத்தகம் மட்டும் கைக்குத் தொழிலைத் தந்திரும் எண்டு நான் சொல்லல்ல. ஸ்க்ரூட்ரைவரைப் புடிச்சுத்தான் படிக்கணும். என்விகியூ எண்டுற தொழில் தகைமைச் சோதினையில செஞ்சு காட்டணும், கவுனைக் காட்டினா மார்க்ஸ் இல்ல. ஒரு இடத்துல சேரமுந்தி அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுல பதிஞ்சிரிக்கா எண்டு கேளு. வருசக்கணக்கா வேலை செஞ்ச ஆளெண்டா வகுப்புக்கே போகாம, முன் அனுபவத்தை வெச்சே சான்றிதழ் எடுக்க வழி இரிக்கு. அதைப் பேனர்ல ஒருத்தனும் போடமாட்டான். போட்டா அவன்ட கடை என்னாகிற?

மருதமுனையில தறியில இரிந்தவங்க புத்தகம் பாத்தா படிச்சாங்க எண்டு கேப்பாய். இல்ல, வாப்பாட கையைப் பாத்துப் படிச்சாங்க. வாப்பா மௌத்தாகினா? எழுதி வைக்காத கைப்பக்குவம் அவரோடயே மண்ணுக்குள்ள போகுது. மோட்டர் சுத்துற பாஸ்மாரும், ஏ.சி. திருத்துற காக்காமாரும் நம்மட கரையில நிறையப் பேர் இரிக்காங்க. பேனா புடிக்கக் கூச்சப்படுவாங்க, வாய் திறந்தா பாடம் கொட்டும். நீதான் ராவைக்கு முழிச்சிருந்து டைப் அடிக்கிற ஆளாச்சே. ஒரு காக்காக்கிட்ட போய்க் குந்து. அவர் சொல்றதை எழுது. அவர்ட பேரைப் போடு, படம் போடு, திறந்த அனுமதியில ஊருக்கு விடு. சம்மாந்துறை டெக்குக்கு அடுத்த வருசம் வாற பொடியன் அதுல பிழை கண்டா, அவன் திருத்திப் போடட்டும்.