புள்ளியியல்: பின்கதவில் எள்ளளவு

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்பது நன்னூலார் கட்டளை. ஆகவே முறைப்படி தொடங்குவோம். இவ்வாய்வு நுதலிய பொருள்: வாங்கி நான்கு மாதமும் 2,840 கிலோமீட்டரும் ஆன ஒரு காரின் இடப்பக்கப் பின்கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே உள்ள ஒரு புள்ளி. எல்லை: அந்தக் கதவு. கேட்போர்: புதுக் கார் வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள், இவர்களைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்கள். பயன்: முடிபில் தெரியவரும், வராமலும் போகலாம்.

‘புள்ளியியல்’ என்ற பெயரை வேறொரு துறை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பதை ஆய்வாளன் அறிவான். அவர்கள் ஆயிரம் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருபவர்கள். நம்மிடம் இருப்பது ஒரே புள்ளி. முடிவுகள்தாம் ஏராளம்.

சிக்கல் எழுந்த வரலாறு

முதல் இலவச சர்வீஸின்போது, வாட்டர் வாஷ் முடித்துத் துடைத்துக்கொண்டிருந்த பையன்தான் அதைக் கண்டுபிடித்தான். “சார், இங்க ஒரு பொட்டு இருக்கு பாருங்க” என்றான். அதுவரை அந்தக் கார் எனக்கு ஒரு முழுமை. அந்த நொடியிலிருந்து அது, புள்ளியைச் சுற்றிக் கட்டப்பட்ட ஒரு வாகனம்.

சர்வீஸ் அட்வைசர் வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். “வாரண்டில வரும் சார். டோர் ஃபுல்லா பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடறோம். மூணு நாள் வண்டிய விடுங்க. ஒரு பைசா செலவில்ல” என்றார். சண்டை போடத் தயாராக நின்றவனுக்கு எதிரில் ஆளே இல்லை. கேட்டது உடனே கிடைத்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்? “யோசிச்சுச் சொல்றேன்” என்பான். அதைத்தான் சொன்னேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

அளவும் இயல்பும்

நம் பழைய அளவை வாய்பாட்டில் எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல். சமையலறையிலிருந்து ஓர் எள்ளை எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், புள்ளி எள்ளைவிடச் சற்றுச் சிறியது. விரல் நுனியால் தடவினால் ஆறிப்போன அம்மைத் தழும்புபோல் லேசாக நெருடும். அடுக்ககத்தின் பார்க்கிங்கில் காலை ஏழே காலுக்கு வெயில் சாய்வாக விழும்போது தெளிவாகத் தெரியும். ஏழரைக்கு மறைந்துவிடும். சாட்சிக்கு யாரையாவது கூட்டி வந்தால் ஏழே காலுக்கும் தெரியாது.

இதன் தோற்றம் பற்றி மூன்று கருதுகோள்கள் உண்டு.

முதலாவது, எச்சவாதம். காக்கை எச்சத்தைத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் அது மேல்பூச்சை அரித்துவிடும். வாரண்டிப் புத்தகங்கள் பறவை எச்சம், மரப்பால், தெறிக்கும் கல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே விலக்கி வைக்கின்றன. ஆனால் எச்சம் கூரையில் விழும், பானெட்டில் விழும். செங்குத்தான கதவில் எள்ளளவு மட்டும் குறிபார்த்து வைக்கும் காக்கை இனிமேல்தான் பிறக்க வேண்டும். இவ்வாதம் தள்ளப்பட்டது.

இரண்டாவது, துருவாதம். பூச்சுக்கு அடியில் இரும்பு துருப்பிடித்துக் கொப்பளமாக எழும்புவது. இது வளரும் தன்மையது.

மூன்றாவது, தூசிவாதம். பெயின்ட் ஈரமாக இருக்கும்போது ஒரு துகள் வந்து உட்கார்ந்து, அப்படியே பூச்சுக்குள் சமாதியாகிவிடுவது. இந்த ஒரு துகளுக்கு அஞ்சித்தான் சில கார் ஆலைகளில் பெயின்டுக்கு முன் தீக்கோழி இறகு பதித்த உருளைகளால் பாடியைத் துடைக்கிறார்கள். அத்தனை இறகுகளையும் ஏமாற்றி ஒரு தூசி உள்ளே நுழைந்திருக்கிறது என்றால், அதன் திறமையையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

கூற்றுகள்

அகத்திணை மரபில் யார் சொன்னது என்பது முக்கியம். அம்முறையிலேயே சான்றுகள் தரப்படுகின்றன.

பாங்கன் கூற்று (அலுவலகத் தோழர்): “கம்பெனி பெயின்ட்ல கைவெக்க விடாதே. ஒரு தடவ கைவெச்சா அப்புறம் அது வேற வண்டி.”

கண்டோர் கூற்று (எதிர் ஃபிளாட் பெரியவர்): “ஃப்ரீயா செஞ்சு தரேங்கறான், வேண்டாங்கறீங்களே! மூணு வருஷம் கழிச்சு இதே வேலைக்குக் காசு கேட்பான் தம்பி.”

தலைவி கூற்று: “போன வருஷம் என் கன்னத்துல புதுசா ஒரு மச்சம் வந்துச்சு. எந்தப் பக்கம்னு சொல்லுங்க பாப்போம்.”

கடைசிக் கூற்றுக்கு ஆய்வாளன் இதுவரை மறுமொழி சமர்ப்பிக்கவில்லை.

எலுமிச்சை இயல்

இத்துறையில் முன்னோர் இல்லாமல் இல்லை. பழைய கார் சந்தையை வைத்து 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க வழக்கில் உள்குறை உள்ள காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பான். அந்த விலைக்கு நல்ல கார்க்காரன் விற்க மாட்டான். சந்தையில் எலுமிச்சைதான் மிஞ்சும். இதை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. அவற்றில் இரண்டு, விஷயம் அற்பமானது என்று காரணம் சொல்லின. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இக்கட்டுரையைத் திருப்பி அனுப்ப நினைக்கும் பதிப்பாசிரியர் இதை ஒருமுறை நினைவுகூர்தல் நலம்.

1982இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை வாங்கியவருக்காகத் தனிச் சட்டமே இயற்றியது. அதற்கும் எலுமிச்சைச் சட்டம் என்றே பெயர். நமக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. காருக்கென்று தனியாக எலுமிச்சைச் சட்டம் இல்லை. எலுமிச்சைச் சடங்கு இருக்கிறது. ஷோரூமிலிருந்து நேராகச் சென்னை பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் சந்நிதிக்குப் போய், நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு பழம் வைத்து நசுக்கித்தான் நானும் வண்டியை எடுத்தேன். பெயரிலேயே ‘பாடி’ உள்ள தெய்வம், பாடியில் ஒரு புள்ளியை எப்படி அனுமதித்தார் என்பது இறையியலார் ஆராய வேண்டியது.

வெப்ப இயல்

பாங்கன் கூற்றில் உண்மை உண்டா? உண்டு, அதை டிகிரியில் சொல்லலாம். ஆலையில் வெறும் இரும்புக்கூட்டைத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏற்றுகிறார்கள். மூலைமுடுக்கெல்லாம் படியும் அதுதான் துருவுக்குக் காவல். அதைச் சுமார் 170, 180 டிகிரியில் சுடுகிறார்கள். பிறகு நிறம், அதன்மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. இவற்றைச் சுமார் 140 டிகிரியில். அப்போது உள்ளே சீட் இல்லை, ஒயர் இல்லை, டேங்க் இல்லை. சுடலாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் கார் அப்படி அல்ல. பிளாஸ்டிக்கும் எலக்ட்ரானிக்ஸும் நிறைந்த குடும்பஸ்தன். ஆகவே ஹார்டனர் கலந்த வேறு வகைப் பெயின்டை அடித்து, பூத்தில் 60 டிகிரி வாக்கில் காய வைக்கிறார்கள். ஒன்று சூளையில் வெந்த செங்கல். மற்றது கெட்டிக்காரக் கொத்தனார் பூசிய பூச்சு. இரண்டும் நிற்கும். இரண்டும் ஒன்றல்ல.

மேலும் ஒன்று. என் கார் மெட்டாலிக் சாம்பல். அந்தப் பெயின்டில் அலுமினியத் துகள்கள் மிதக்கின்றன; அவை படுக்கும் கோணத்தைப் பொறுத்து நிறம் மாறித் தோன்றும். ஒரு கதவு மட்டும் புதிதாக அடித்தால் பக்கத்துக் கதவோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். அதனால் பக்கத்துப் பாகங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்துவிடுவார்கள். ஆக எள்ளளவு புள்ளிக்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்காக இன்னொரு கதவு. அப்புறம் பின்சக்கரத்து மேல்தகடு. கோவணத்தை எலி கடித்ததால் பூனை வளர்த்து, பூனைக்காகப் பசு வளர்த்த சாமியாரின் கதைதான் இது.

மைக்ரான் இயல்

தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். ஆலைப் பூச்சு எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதாவது முடி இரண்டு. மேலே மீண்டும் அடித்தால் 200ஐத் தாண்டும். பட்டி பார்த்திருந்தால் இன்னும் எகிறும். இப்போது பழைய கார் வாங்க வருகிறவர்கள் கைக்குள் அடங்கும் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஏழாண்டுக்குப் பிந்திய ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மீட்டர் மற்ற இடங்களில் 120 காட்டுகிறது. பின்கதவில் 240. வந்தவர் ஒன்றும் பேசவில்லை, “ம்” என்கிறார். நான் சொல்கிறேன்: “இல்லைங்க, அங்க ஒரு சின்னப் பொட்டு இருந்துச்சு, எள்ளைவிடச் சின்னது, கம்பெனியே ஃப்ரீயா முழுசா அடிச்சுக் கொடுத்தாங்க.” என் வாயால் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. லாரி இடித்தது என்று சொன்னால்கூட மரியாதையாக இருக்கும்.

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே: குறை தனக்குத் தானே சாட்சி, திருத்தத்துக்கு வெளியிலிருந்து சாட்சி கொண்டுவர வேண்டும். புள்ளியோடு உள்ள கதவு, ‘என்னிடம் இவ்வளவுதான் குறை’ என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. பளிச்சென்று திருத்திய கதவு, இருந்ததை மறைத்துவிட்டு, இல்லாததையெல்லாம் சந்தேகிக்க வைக்கிறது. குழந்தையின் கன்னத்தில் நாமே மை எடுத்துப் பொட்டு வைத்து அனுப்பும் ஊரில், ஆலையிலேயே வைத்து அனுப்பியதை அழிப்பானேன்?

களப்பணி

ஆயினும் துருவாதம் எஞ்சி நின்றது. எனவே புதுப்பேட்டைக்குச் சென்று, முப்பது வருடம் ஸ்ப்ரே கன் பிடித்த ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை ஒருமுறை வருடினார். மீட்டர் எதுவும் எடுக்கவில்லை.

“தூசி சார். துரு ஓரத்துலதான் மொதல்ல புடிக்கும். டோரோட அடி மடிப்புல தண்ணி நிக்கும்ல, அங்க. நடுவுல, அடி படாத எடத்துல ஏன் வரப்போவுது? ஒரு மழக்காலம் பாருங்க. பெருசாச்சுன்னா உடனே குடுத்துடுங்க, யோசிக்காதீங்க. ஆகலேன்னா வுட்டுடுங்க.”

“நீங்களா இருந்தா?”

“நானா இருந்தா பாத்தே இருக்க மாட்டேன் சார்.”

முடிபு

ஆகவே விதி வருமாறு: வளரும் குறையை வாரண்டிக்குக் கொடு, வளராத குறையை வைத்துக்கொள். ஓட்டத்தையும் உயிரையும் தொடும் குறைக்கு, பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் போன்றவற்றுக்கு, இவ்வியல் பொருந்தாது; அங்கே ஆய்வு செய்பவன் முட்டாள். எதுவாயினும், பார்த்த தேதியையும் குறையையும் எழுத்தில் வாங்கிக்கொள். வாரண்டிக்குக் கெடு உண்டு. துருவுக்கு அவசரம் இல்லை.

அந்த எழுத்தை வாங்கத்தான் ஆறாவது வாரம் மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மணி பன்னிரண்டு, உச்சி வெயில். பெயின்ட் வேண்டாம், ஜாப் கார்டில் ஒரு வரி போதும் என்றேன். அட்வைசர் கதவருகே குனிந்து தேடினார். நானும் குனிந்து தேடினேன். வாட்டர் வாஷ் பையனைக் கூப்பிட்டோம். மூன்று பேருமாகத் தேடினோம். கடைசியில் அவர் நிமிர்ந்து, பேனாவைத் திறந்து, ‘வாடிக்கையாளர் புகார்’ என்ற கட்டத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்:

“இடது பின்கதவில் புள்ளி இருப்பதாகக் கஸ்டமர் சொல்கிறார். வேலை எதுவும் வேண்டாம் என்றும் கஸ்டமர் சொல்கிறார்.”

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆறு வார ஆய்வில் திருத்த ஒன்றும் இல்லாத ஒரே பகுதி அதுதான். கையெழுத்துப் போட்டேன்.