பார்வையில் காணும் துண்டறிக்கை

பெறுநர்: போர்ட்லாண்ட் வீட்டுவசதி ஆணையம், ஒரேகான், அமெரிக்கா.
பொருள்: வெள்ளத்தைத் தாளால் தடுக்க முயன்றமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் துண்டறிக்கை, நாள் 30.05.1948.

ஐயா,

அன்று ஞாயிற்றுக்கிழமை. தங்கள் குடியிருப்பான வான்போர்ட்டின் மக்கள் கண்விழித்தபோது பார்வையில் காணும் தாள் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருந்தது. கரைகள் இப்போதைக்குப் பத்திரம், தேவைப்பட்டால் சொல்லுவோம், கிளம்ப நேரம் இருக்கும், பதற வேண்டாம் என்றிருந்தீர்கள். படித்தவர்கள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்கள்.

கொலம்பியா ஆறுதான் படிக்கவில்லை. குளிர்காலம் முழுக்க மலையில் சேர்ந்த பனி மே மாதக் கடைசியில் மளமளவென உருகியது. போதாக்குறைக்கு மழையும் கொட்டியது. ஊர்த் தரையைவிடச் சுமார் 15 அடி உயரத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே காவலுக்கு இருந்ததோ, ரயில் போவதற்காகப் போட்ட மண்மேடு. மாலை நான்கு மணி வாக்கில் அது உடைந்தது.

அதற்காகத் தங்களுக்கு முன்யோசனை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலுவலகக் கோப்புகளும் தளவாடங்களும் முன்கூட்டியே பத்திரமான இடத்துக்குப் போய்விட்டன. பக்கத்துப் பந்தயத் திடலில் இருந்த 600க்கும் மேற்பட்ட குதிரைகளும் போய்விட்டன. நியாயம்தானே? கோப்பு நனைந்தால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது?

கட்டுமானத்தையும் மெச்ச வேண்டும். கப்பல் பட்டறைத் தொழிலாளிகளுக்காக 1942இல் அவசர அவசரமாக எழுப்பிய மரவீடுகள், அடித்தளமும் மரமே. தண்ணீர் வந்ததும் அவை கிளம்பி மிதந்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின. கப்பல் கட்ட வந்தவர்களுக்கு ஏற்ற வீடுகள்தாம்.

அன்று அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 18,500 பேர். மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்கள். போர்ட்லாண்டின் நல்ல தெருக்களில் அவர்களுக்கு வீடு விற்கத் தரகர்கள் மறுத்த காலம் அது. பள்ளத்திலாவது இடம் தந்தீர்களே!

விடுமுறை வார இறுதி, பகல் வேளை. பலர் வெளியே போயிருந்தார்கள். இடையிலிருந்த ஓடைகளும் தண்ணீரைச் சற்று நேரம் வாங்கிவைத்தன. அதனால் சாவு 15 பேரோடு போயிற்று. இதில் தங்கள் துண்டறிக்கைக்குப் பங்கில்லை. ஊர் ஒரே நாளில் போனது. திரும்பக் கட்டப்படவே இல்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். மலையில் பனி இன்னும் உருகத்தான் செய்கிறது. அடுத்த முறை துண்டறிக்கையைக் குதிரைகளிடம் கொடுத்துவிட்டு, மனிதர்களை வண்டியில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
துண்டறிக்கைகளை நம்பி வாழும் ஒரு குடிமகன்